கியர் ஆயிலும் உரை அளவையும்

அறிவு எந்தெந்த வழியில் வருகிறது, எந்த வழியை எதுவரை நம்பலாம் என்பது இந்தியத் தத்துவத்தின் மிகப் பழைய கேள்விகளில் ஒன்று. அந்த வழிகளை வடமொழியார் பிரமாணம் என்றார்கள். தமிழ் நூல்கள் அளவை என்றன. மணிமேகலை வஞ்சி நகரில் பல சமயத்தாரிடமும் கொள்கை கேட்கும்போது முதலில் பேசும் அளவைவாதி பத்து அளவைகளை வரிசையாகச் சொல்கிறான். அதே காப்பியத்தில், காஞ்சியில் பௌத்தத் தருக்கத்தை விளக்கும் அறவண அடிகளுக்குக் காட்சியாகிய காண்டல், அனுமானமாகிய கருதல் என்ற இரண்டே அளவை. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் ஆறு என்பாரையும் பத்து என்பாரையும் குறிப்பிட்டுவிட்டு, எல்லாம் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடங்கும் என்று முடிக்கிறார். உலகாயதருக்குக் காட்சி ஒன்றே போதும்.

ஆக, வழக்கு பெரும்பாலும் உரையைப் பற்றியது. பிறர் சொல்லக் கேட்டு அறிவது தனி அளவையா, கருதலின் கிளையா, அல்லது அறிவே இல்லையா? நூல்கள் இதை வேதத்தையும் ஆகமத்தையும் முன்னிறுத்தியே வாதிக்கின்றன. அங்கே ஒரு சங்கடம் உண்டு. வீடுபேற்றைப் பற்றிய கூற்று சரியா என்று யாரும் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து சொல்ல முடியாது. அதனால் ஒவ்வொரு வாதமும் ஏற்கெனவே தன் கட்சியில் இருப்பவரை மட்டுமே திருப்தி செய்கிறது. உரை அளவை நடைமுறையில் எப்படி இயங்குகிறது என்று பார்க்க வேண்டுமானால், சரியும் தவறும் உண்மையிலேயே வெளிப்படக்கூடிய, ஆனால் உடனே வெளிப்படாத ஒரு விஷயம் வேண்டும். மேனுவல் கியர் பாக்ஸுக்குச் சரியான சிந்தெடிக் கியர் ஆயிலைத் தேர்ந்தெடுப்பது அப்படி ஒன்று. விடை உண்டு. தவறினால் செலவும் உண்டு. தவறியது தெரியவர ஐம்பதாயிரம் கிலோமீட்டர் ஆகலாம்.

கியர் பாக்ஸில் இருக்கும் எண்ணெயிடம் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு வேலைகள் எதிர்பார்க்கப்படுகின்றன. பற்சக்கரங்களின் பற்கள் ஒன்றையொன்று அழுத்தி உருளும் இடத்தில் உராய்வைக் குறைக்க வேண்டும். சின்க்ரோ வளையத்தில் உராய்வை அனுமதிக்க வேண்டும். 1928இல் காடிலாக் கார்களில் முதலில் வந்த சின்க்ரோமெஷ் அமைப்பு இப்படி வேலை செய்கிறது: ஓட்டுநர் கியர் கம்பியைத் தள்ளும்போது கூம்பு வடிவத்தில் கடைந்த ஒரு வளையம், பெரும்பாலும் பித்தளை அல்லது வெண்கலம், கியரின் கூம்புப் பக்கத்தில் போய் அழுந்தும். வளையத்தின் உட்புறத்தில் உள்ள மெல்லிய வரிகள் இடையிலுள்ள எண்ணெயை வழித்துத் தள்ளும். உலோகம் உலோகத்தைப் பற்றி, இரண்டின் சுழற்சி வேகமும் ஒன்றாகும். அதன் பிறகே பற்கள் சத்தமின்றி உள்ளே போகும். இதெல்லாம் ஒரு நொடிக்குள் நடந்து முடிகிறது. எண்ணெய் அளவுக்கு மீறி வழுக்கினால் வளையம் பிடிக்காது. வேகம் சமமாகும் முன்பே பற்கள் மோதி, செகண்ட் கியரில் ‘கரக்’ என்ற சத்தம் கேட்கும்.

டப்பாவில் எழுதியிருப்பதும் இரண்டு வகை. ஒன்று கெட்டித்தன்மை. எஸ்ஏஇ ஜே306 என்ற தரநிலையின்படி 75டபிள்யூ-90 என்றால், மைனஸ் 40 டிகிரி குளிரிலும் அந்த எண்ணெயின் பாகுநிலை ஒரு வரம்பைத் தாண்டக் கூடாது. 100 டிகிரி செல்சியஸில் அது 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக்கிற்குள் இருக்க வேண்டும். இந்த அளவுகோல் எஞ்சின் ஆயிலின் அளவுகோல் அல்ல. எஞ்சின் ஆயிலில் 40 என்று எழுதியிருப்பது 100 டிகிரியில் 12.5 முதல் 16.3 வரை. ஆகவே 90 கியர் ஆயில், 40 எஞ்சின் ஆயிலைப் போல இருமடங்கு கெட்டி என்று எண்ணுவது வீண். சூட்டில் இரண்டும் அக்கம்பக்கத்தில்தான் நிற்கின்றன.

மற்றது சேர்மான வகை. அமெரிக்கப் பெட்ரோலியக் கழகமான ஏபிஐ வகுத்த ஜிஎல் வரிசையில் இன்று கார்களுக்குப் பொருட்படுத்த வேண்டியவை ஜிஎல்-4, ஜிஎல்-5 இரண்டே. இவற்றுக்கிடையே கெட்டித்தன்மையில் வேறுபாடு இல்லை; உயர் அழுத்தச் சேர்மானத்தின் அளவிலும் வீரியத்திலும்தான் வேறுபாடு. கந்தகமும் பாஸ்பரசும் கலந்த அந்தச் சேர்மானம், பற்கள் நசுக்கும் இடத்தில் எழும் சூட்டில் இரும்போடு வினைபுரிந்து மெல்லிய படலம் போடும். தேய வேண்டிய நேரத்தில் எஃகுக்குப் பதில் அந்தப் படலம் தேயும். ஜிஎல்-5இல் இந்தச் சேர்மானம் ஏறக்குறைய இருமடங்கு. அது பிறந்தது ஹைப்பாய்டு கியருக்காக. 1920களின் நடுவில் க்ளீசன் நிறுவனம் உருவாக்கி, பாக்கார்ட் கார்களில் புழக்கத்துக்கு வந்த அமைப்பு அது. அதில் பினியனின் அச்சு, கிரவுன் வீலின் அச்சுக்குக் கீழே இறக்கப்பட்டிருக்கும். பற்கள் உருள்வதோடு நீளவாக்கில் வழுக்கவும் செய்வதால் சாதாரண எண்ணெய்ப் படலம் கிழிந்துவிடும்.

இனி, அறியும் வழிகளுக்கு வரலாம். முதலில் காட்சி.

எண்ணெயைக் கையில் எடுத்துத் தேய்த்துப் பார்ப்பவர் அதன் கெட்டித்தன்மையை ஓரளவு அறியலாம். சேர்மானத்தை அறிய முடியாது. ஜிஎல்-5இன் கந்தக வாடை தூக்கலாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் ஜிஎல்-4இலும் கந்தகம் உண்டு. மிச்சம் இருப்பது கியர் கம்பியில் உணர்வது. புதிய எண்ணெய் ஊற்றியதும் கியர் ‘வெண்ணெய் மாதிரி’ விழுகிறது என்பது ஷெட்டில் அடிக்கடி கேட்கும் சான்று. அந்த உணர்வு பொய்யல்ல. அது எதனால் வந்தது என்பது மட்டும் உணர்வில் இல்லை. பழைய எண்ணெய் கெட்டுப் போயிருந்தால் எந்தப் புதிய எண்ணெயும், பொருந்தாததுங்கூட, சில நாட்களுக்கு நன்றாகவே இருக்கும். தேய்ந்துபோன பேரிங்கின் இரைச்சலைக் கெட்டியான எண்ணெய் அமுக்கிவிடும். காது நலம் என்று சொல்லும் அதே நேரத்தில் பேரிங் தேய்ந்துகொண்டிருக்கும். ஐயமும் திரிபும் நீங்கியதுதான் காட்சி அளவை என்று சித்தியார் வரையறுக்கிறது. அந்த வரையறையில் கியர் கம்பியின் சுகம் தேறாது.

பார்த்துச் சோதித்து அறிவதற்கு இன்னொரு தடையும் உண்டு. ஒருவரிடம் இருப்பது ஒரே கியர் பாக்ஸ். ஒரு எண்ணெயில் லட்சம் கிலோமீட்டர் ஓடித் தேய்ந்த வளையத்தை மறுபடி புதிதாக்கி, மற்ற எண்ணெயில் அதே சாலையில் அதே லட்சம் கிலோமீட்டர் ஓட்டிப் பார்க்க வழியில்லை. ஆய்வுக்கூடத்தால் முடியும், அங்கே பல பெட்டிகள் இருக்கின்றன. ஆனால் அது ஆய்வுக்கூடத்தாரின் காட்சி. வண்டி வைத்திருப்பவருக்கு அது உரையாகவே வந்து சேர்கிறது. காட்சியைத் தவிர வேறு அளவையே இல்லை என்பதில் உறுதியாக நிற்கும் உலகாயதர் ஒருவர் கியர் ஆயில் வாங்கவே முடியாது.

அடுத்தது கருதல். இங்கேதான் பலரும் இடறுகிறார்கள், அதுவும் தருக்கம் பேசிக்கொண்டே. ஜிஎல்-5 அதிகப் பாதுகாப்புத் தருகிறது. அதிகப் பாதுகாப்புத் தருவது அதிக நாள் உழைக்கச் செய்யும். ஆகவே ஜிஎல்-4 கேட்கும் பெட்டியில் ஜிஎல்-5 ஊற்றுவது நல்லதைவிட நல்லது. எண் பெரிதாக இருப்பதும் விலை கூடுதலாக இருப்பதும் இந்த முடிவுக்குத் துணை சேர்க்கின்றன.

இந்த அனுமானத்தில் உள்ள பிழையை, நியாயம் என்ற தருக்க மரபின் நூலார் பெயர் வைத்தே அடையாளம் காட்டியிருக்கிறார்கள். புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு என்பது பிழையற்ற உடனிகழ்ச்சி. நெருப்பு உள்ள இடத்தில் புகை உண்டு என்பது அப்படியல்ல. பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டில் நெருப்பு இருக்கிறது, புகை இல்லை. நெருப்போடு புகை வருவதற்கு ஈர விறகு என்ற இன்னொன்று தேவைப்படுகிறது. சொல்லாமல் ஒளிந்திருந்து உடனிகழ்ச்சியைத் தாங்கும் அந்த நிபந்தனைக்கு உபாதி என்று பெயர். அனுமானத்தை உடைக்க எதிரியின் முடிவை மறுக்க வேண்டியதில்லை, உபாதியை எடுத்துக் காட்டினால் போதும் என்பது அவர்களுடைய முறை.

‘வீரியம் கூடினால் ஆயுள் கூடும்’ என்பதில் ஒளிந்திருக்கும் உபாதி, எஃகோடு எஃகு அழுந்துவது. பின் அச்சின் கிரவுன்-பினியனில் அந்த நிபந்தனை நிறைவேறுகிறது; அங்கே கூற்று மெய். கியர் பாக்ஸில் எஃகோடு பித்தளையும் இருக்கிறது. செயலூக்கமுள்ள கந்தகம் செம்பு கலந்த உலோகத்தைச் சும்மா விடாது. மெருகிட்ட செம்புத் தகடு ஒன்றை 121 டிகிரி செல்சியஸ் எண்ணெயில் மூன்று மணி நேரம் மூழ்க வைத்து, எவ்வளவு கறுத்திருக்கிறது என்று மாதிரி வண்ணங்களோடு ஒப்பிடுவது கியர் ஆயில்களுக்கான வழக்கமான சோதனை. லேசான ஆரஞ்சு நிறத்தோடு நிற்பது நல்ல எண்ணெய். கன்னங்கரேலென்று வருவது மோசம். அரிப்பு ஒருபுறம் இருக்க, உராய்வு பற்றிய சிக்கலும் இருக்கிறது. பல்லைக் காக்கும் வலுவான படலமே வளையத்தின் பிடியைக் கெடுக்கிறது. ஒரு குணம் ஒரே பெட்டிக்குள் ஓரிடத்தில் நன்மையும் பக்கத்திலேயே தீமையும் ஆகும்போது ‘எது சிறந்த எண்ணெய்’ என்ற கேள்விக்கே பொருள் இல்லாமல் போகிறது. எதற்குத் தக்கது என்பதே கேட்கத்தக்க கேள்வி.

இதிலிருந்து ‘கியர் பாக்ஸுக்கு ஜிஎல்-4, டிஃபரென்ஷியலுக்கு ஜிஎல்-5’ என்று பொதுவிதி ஒன்றைக் கட்டிவிடவும் கூடாது. அதையும் உடைக்கும் வண்டிகள் இருக்கின்றன. சுபாரு கார்கள் பலவற்றில் முன் டிஃபரென்ஷியல் கியர் பாக்ஸின் கூட்டுக்குள்ளேயே இருக்கிறது; அது ஹைப்பாய்டு வகை; இரண்டுக்கும் ஒரே எண்ணெய். கையேடு கேட்பது ஜிஎல்-5 என்பதால், வளையங்களை அதற்கேற்ற பொருளில் செய்வது தயாரிப்பாளரின் பொறுப்பாகிவிடுகிறது. 1959இல் வந்த மினி காரில் கியர் பாக்ஸ் எஞ்சினுக்கு அடியில், எஞ்சின் ஆயிலுக்குள்ளேயே கிடந்தது. அங்கே கியர் ஆயில் என்ற பேச்சுக்கே இடமில்லை. போர்க்-வார்னர் டி5 பெட்டியின் வேர்ல்ட் கிளாஸ் வகைக்கு ஆட்டோமேட்டிக் கியருக்கான மெல்லிய எண்ணெய்தான் ஊற்ற வேண்டும். அதன் வளையங்களில் பித்தளைக்குப் பதில் வேறு உராய்வுப் பொருள் ஒட்டியிருக்கும்.

இந்த விலக்குகளைப் படிக்கும் முறைக்கும் அளவை நூலில் இடம் உண்டு. இடைச்சேரி கங்கையில் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், கங்கைக் கரையில் என்று கொள்வதை அருத்தாபத்திக்கு எடுத்துக்காட்டாக மணிமேகலையின் அளவைவாதி தருகிறான். சொன்னது மெய்யாக இருக்க வேண்டுமானால் சொல்லாத ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்று அறிவது அது. மேனுவல் கியர் பாக்ஸுக்கு ஜிஎல்-5 என்று கையேடு சொல்வதைப் பார்த்தவர், அச்சுப் பிழை என்று தள்ளிவிடாமல் உள்ளே ஹைப்பாய்டு இருக்கிறதா என்று தேடினால் அதே அளவையைக் கையாள்கிறார். கையேட்டைத் திருத்த முயல்வதைவிடக் கையேடு எப்போது சரியாகும் என்று யோசிப்பது பெரும்பாலும் பயன் தரும்.

இன்மையை அறிவது, அதாவது அபாவம், தனியே கவனிக்க வேண்டியது. எண்ணெயை இறக்கும்போது மெக்கானிக் ட்ரெயின் போல்ட்டைத் துடைத்துப் பார்ப்பார். பல பெட்டிகளில் அதன் முனையில் ஒரு காந்தம் உண்டு. காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மெல்லிய பசை போல் ஒட்டியிருந்தால் இயல்பான தேய்மானம். சில்லு சில்லாக இருந்தால் பல் உடைகிறது. ஒன்றுமே இல்லையென்றால்? ‘தேய்மானமே இல்லை, ஊற்றிய ஆயில் பொருந்திவிட்டது’ என்று சொல்லத் தோன்றும். ஆனால் காந்தம் பித்தளையை இழுக்காது. வளையம் நாள்தோறும் கரைந்துகொண்டிருந்தாலும் காந்தம் சுத்தமாகவே இருக்கும்.

குமாரிலரைப் பின்பற்றும் பாட்ட மீமாம்சகர் இன்மையைத் தனி அளவையாக ஏற்றபோது ஒரு கட்டுப்பாட்டையும் கூடவே வைத்தார்கள். இருந்திருந்தால் தென்பட்டிருக்கும் என்ற நிலையில் தென்படாமல் இருப்பதே இன்மைக்குச் சான்று. இருட்டறையில் குடம் தெரியவில்லை என்பதால் குடம் இல்லை என்றாகாது. காந்தத்தின் முன் பித்தளைத் தூள் அந்த இருட்டறைக் குடத்தின் நிலையில் இருக்கிறது. அதைத் தேட வேண்டிய இடம் இறக்கிய எண்ணெய். வெயிலில் தட்டைச் சாய்த்துப் பார்த்தால் பொன்னிற மினுமினுப்பாகத் தெரியும். தெரிந்த பிறகு எண்ணெயை மாற்றலாம். தேய்ந்த வளையம் வளராது.

காட்சி பின்னால்தான் வருகிறது, கருதல் உபாதியில் சறுக்குகிறது, இன்மை ஏமாற்றுகிறது என்றால் மிஞ்சுவது உரை. இங்கே பௌத்தரின் ஆட்சேபத்தைக் கேட்டாக வேண்டும். காஞ்சிக்கு அருகில் பிறந்தவர் என்று பௌத்த மரபு சொல்லும் திக்நாகர், உரையைக் கருதலுக்குள் அடக்கினார். ஒருவர் சொன்னதை நம்புகிறவர், ‘இவர் தவறாதவர், இவர் இதைச் சொல்கிறார், ஆகவே இது மெய்’ என்று ஊகிக்கத்தான் செய்கிறார், தனி அளவை எதற்கு என்பது வாதம். 1748இல் மேலைத் தத்துவவாதி ஹியூம் ஏறத்தாழ இதே நிலையை எடுத்தார்: சாட்சியத்தை நம்புவது, சாட்சியமும் நடப்பும் ஒத்துப்போனதைப் பலமுறை கண்ட அனுபவத்தால். 1764இல் தாமஸ் ரீட் மறுத்தார். குழந்தை யாரையும் சோதித்துப் பார்த்துவிட்டு நம்பத் தொடங்குவதில்லை. நம்புவது முதலில், ஐயுறுவது பிறகு.

கியர் ஆயில் வழக்கில் திக்நாகரும் ஹியூமும் கேட்கும் கணக்கைத் தீர்க்க முடியவில்லை. கையேடு எழுதியவர் தவறாதவர் என்று எதைக் கொண்டு அறிவது? அவர் முன்பு சொன்ன எண்ணெய்கள் சரியாக அமைந்தன என்பதைக் கொண்டு. அமைந்தன என்று எப்படித் தெரியும்? அந்த வண்டிகளை வைத்திருந்தவர்களும் மெக்கானிக்குகளும் சொன்னார்கள். அவர்களை நம்புவதற்கு மறுபடியும் யாரோ சொல்ல வேண்டும். கருதல் என்று சொல்லிக் கீழே தோண்டத் தோண்ட உரையே வருகிறது. இந்த அளவில் சித்தியார் வைத்த மூன்றாவது அளவைதான் நடைமுறையோடு பொருந்துகிறது என்று சொல்லலாம். ஆனால் தனி அளவை என்பதால் கண்ணை மூடிக்கொண்டு ஏற்பது என்றாகாது. காட்சிக்கு வெளிச்சம் வேண்டும் என்பதுபோல் உரைக்கும் சில நிபந்தனைகள் வேண்டும். அவற்றை மிக நன்றாக எழுதியவர்கள் நியாய நூலார்.

உரையாவது ஆப்தன் சொல் என்கிறது நியாய சூத்திரம். ஆப்தன் யார் என்பதற்கு உரையாசிரியர் வாத்ஸ்யாயனர் தரும் இலக்கணம் சமயச் சார்பற்றது. பொருளை நேரில் அறிந்திருக்க வேண்டும். அறிந்தபடியே அறிவிக்க விருப்பம் இருக்க வேண்டும். அந்த விருப்பத்தால் பேச வேண்டும். இது முனிவருக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் பொது என்று அவர் சேர்த்துச் சொல்கிறார். பேசுகிறவரின் குலமோ புகழோ கணக்கில் இல்லை. வேதத்தின் நம்பகத்தைக்கூட அந்த நூல் மருத்துவ நூலோடு ஒப்பிட்டே நிறுவுகிறது: காணக்கூடிய விஷயத்தில் பலித்தவரின் சொல், காணமுடியாத விஷயத்திலும் ஏற்கத்தக்கது.

இந்த இலக்கணத்தோடு எண்ணெய்க் கடைக்குப் போனால் பேசுகிறவர்கள் பலர் என்பது தெரியும். கியர் பாக்ஸைச் செய்தவர் வளையம் எந்த உலோகம், பற்கள் எந்த வகை என்று நேரில் அறிந்தவர். உத்தரவாதக் காலத்தில் பெட்டி கெட்டால் நஷ்டம் அவருக்கு. முதல் இரண்டு நிபந்தனையும் அவரிடம் பெருமளவு நிறைவேறுகின்றன. எண்ணெய் தயாரிப்பவர் எண்ணெயை அறிந்தவர், ஒவ்வொரு பெட்டியையும் அறிந்தவர் அல்லர். நல்ல மெக்கானிக் கெட்டுப்போன பெட்டிகளை அறிந்தவர். கெடாதவை அவரிடம் வருவதில்லை. அதனால் அவருடைய காட்சி ஒருபக்கமானது.

டப்பாவின் முன்புறம் பேசுவது யார் என்பதும் பார்க்க வேண்டியது. எஞ்சின் ஆயிலுக்கு ஏபிஐ உரிமம் தருகிறது. டப்பாவில் வட்ட முத்திரை இருக்கும். கியர் ஆயிலுக்கு அப்படி உரிமம் கிடையாது. ‘ஏபிஐ ஜிஎல்-4’ என்று அச்சிட்டிருப்பது, அந்த வகைக்குப் பொருந்துகிறது என்று விற்பவர் தாமே சொல்லிக்கொள்வது. பல வாசகர்கள் இதை ஏபிஐயின் சொல் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். மூன்றாமவர் சரிபார்த்த சொல் வேண்டுமென்றால் எஸ்ஏஇ ஜே2360 பட்டியலில் இடம்பெற்ற எண்ணெய்களையோ, இசட்எஃப் நிறுவனத்தின் டிஇ-எம்எல் பட்டியல்களைப் போலக் கியர் பாக்ஸ் செய்பவரே ஒப்புதல் தந்து வெளியிடும் பெயர்களையோ தேட வேண்டும். ‘ஒப்புதல் பெற்றது’ என்பதும் ‘பயன்படுத்தப் பரிந்துரைக்கப்படுகிறது’ என்பதும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே அளவு எழுத்தில் அச்சாகின்றன. முன்னது பெட்டி செய்தவரின் உரை. பின்னது டப்பா விற்பவரின் உரை.

‘ஜிஎல்-4/ஜிஎல்-5’ என்று சாய்கோடு போட்டு எழுதும் டப்பாக்கள் வேறு இருக்கின்றன. வாக்கியத்தின் பொருள் முடிய, சொன்னவரின் கருத்து, அதாவது தாத்பரியம், தெரிய வேண்டும் என்பது தருக்க நூல்களின் பாடம். இந்தச் சாய்கோடு இரண்டில் ஒன்றைக் குறிக்கலாம். பித்தளைக்குத் தீங்கில்லாத சேர்மானத்தோடு ஜிஎல்-5 சோதனைகளையும் தாண்டிய எண்ணெய் என்று இருக்கலாம். அப்படிப்பட்டவை உண்மையிலேயே செய்யப்படுகின்றன. அல்லது, ஜிஎல்-5 அளவு பளுவைத் தாங்குவது ஜிஎல்-4 அளவையும் தாங்கும் என்று மட்டும் இருக்கலாம். அது வளையத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. சின்க்ரோ வளையம் உள்ள பெட்டிக்கு ஏற்றது என்று தகவல் தாளில் வெளிப்படையாக இல்லாதவரை இரண்டாவது பொருளையே கொள்வது பத்திரம்.

சிந்தெடிக் என்ற அடைமொழி தருவது குறைவு. பாலி ஆல்ஃபா ஓலிஃபின், எஸ்டர் போன்று மூலக்கூறுகளைக் கட்டிச் செய்த எண்ணெய்களுக்கு முன்பு வழங்கிய பெயர் அது. கச்சா எண்ணெயிலிருந்து வந்து கடுமையாகச் சுத்திகரிக்கப்பட்ட மூன்றாம் வகை அடிப்படை எண்ணெயையும் அப்படி அழைக்கலாமா என்று மொபில், காஸ்ட்ரால் நிறுவனங்களுக்கிடையே எழுந்த விளம்பர வழக்கில், 1999இல் அமெரிக்க விளம்பரத் தீர்வு அமைப்பு அழைக்கலாம் என்று சொன்னது. குளிரில் இளகி நிற்பது, சூட்டில் மெலியாமல் இருப்பது, மெதுவாக ஆக்சிஜனேற்றம் அடைவது ஆகியவை சிந்தெடிக்கின் மெய்யான நன்மைகள். காஷ்மீர் மாதிரிக் குளிரில் முதலாவது பெரிது. சென்னையில் அது ஒரு பொருட்டே அல்ல. அங்கே மற்ற இரண்டுக்காக வாங்கலாம். பித்தளைக்கு நல்லதா கெட்டதா என்பதை அடிப்படை எண்ணெய் தீர்மானிப்பதில்லை, சேர்மானம் தீர்மானிக்கிறது.

ஷெட்டுகளில் உலவும் சொல் வேறொரு வகை. ‘ஜிஎல்-5 பித்தளையைத் தின்றுவிடும்’ என்று எல்லோரும் சொல்வார்கள். யார் கண்டார் என்றால் விடை இராது. மணிமேகலையின் பட்டியலில் ஐதிகம் என்பது இதுதான். இந்த மரத்தில் பேய் இருக்கிறது என்று ஊரார் சொல்லிவருவதை நம்புவது அங்கே எடுத்துக்காட்டு. நியாய நூலார் ஐதிகத்தை உரைக்குள் சேர்க்கிறார்கள். ஆனால் சொன்னவர் யார் என்று தெரியாததால் அவருடைய ஆப்தத் தன்மையை அளக்க முடியாது. அதற்காக ஐதிகம் எப்போதும் பொய் என்றும் சொல்ல முடியாது. ஒரு காலத்து ஜிஎல்-5 எண்ணெய்கள் அப்படித்தான் செய்தன. இன்று கந்தகத்தின் வீரியத்தை அடக்கிய ஜிஎல்-5களும் கிடைக்கின்றன. ஐதிகத்துக்குத் தேதி இராது என்பதுதான் அதன் குறை. அந்த மரத்தை எப்போதோ வெட்டியிருப்பார்கள். பேய் மட்டும் இருந்துகொண்டிருக்கும்.

கடைசியாக, ஆப்தர் இருவர் முரண்படும் இடம். பல தயாரிப்பாளர்கள் கியர் பாக்ஸ் எண்ணெய் ஆயுள் முழுவதும் போதும், மாற்ற வேண்டாம் என்று கையேட்டில் எழுதுகிறார்கள். ஆட்டோமேட்டிக் பெட்டிகளில் இந்த முரண் பகிரங்கமாகவே நிற்கிறது. பெட்டிகளைச் செய்து தரும் இசட்எஃப், 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு ஆண்டுகளுக்குள், மாற்றச் சொல்கிறது. அதே பெட்டியைப் பொருத்திய கார்களின் கையேடுகளில் மாற்றவே வேண்டாம் என்று இருந்ததுண்டு. இருவரும் பொருளை அறிந்தவர்கள். ஆகவே வாத்ஸ்யாயனரின் முதல் நிபந்தனை இங்கே உதவாது. அறிந்தபடியே அறிவிக்கும் விருப்பம் என்ற இரண்டாவதைப் பார்க்க வேண்டும். பராமரிப்புச் செலவு குறைவு என்று காட்டுவதில் கார் விற்பவருக்கு ஆதாயம் உண்டு. பெட்டி செய்தவருக்கு எண்ணெய் விற்பதிலும் ஆதாயம் இருக்கலாம். ஆனால் பத்து ஆண்டு கழித்துப் பெட்டி கெட்டால் கெடுவது அவர் பெயர். ‘ஆயுள்’ என்பது யாருடைய ஆயுள் என்றும் கையேடு சொல்வதில்லை. முதல் உரிமையாளர் வைத்திருக்கும் காலம் என்று கொண்டால் அந்தக் கூற்று பொய்யும் அல்ல.

மேனுவல் பெட்டியில் காட்சியும் கருதலும் இந்த வழக்கை முடித்துவைக்கின்றன. சிந்தெடிக் எண்ணெய் நெடுநாள் கெடாது என்பது மெய்தான். ஆனால் பெரும்பாலான மேனுவல் கியர் பாக்ஸ்களில் வடிகட்டி கிடையாது. தேய்ந்த பித்தளையும் எஃகுத் தூளும், காற்றுத் துளை வழியே வந்த ஈரமும் எண்ணெயிலேயே தங்கிவிடும். கையேட்டில் மாற்ற வேண்டாம் என்றிருந்தாலும், வண்டியை நீண்ட காலம் வைத்திருக்கப் போகிறவர் அதே கையேடு சொன்ன வகை எண்ணெயைக் கொண்டு, லட்சம் கிலோமீட்டருக்கு முன் ஒருமுறையாவது மாற்றிவிட வேண்டும்.